ரொட்டி டின்

போன மாதம் ஒரு சாயங்காலம் பெர்மாஸ் ஜெயா பாலத்தின் மேல் என் கார் திக்க ஆரம்பித்தது. நல்ல மழை. ஜொகூர் பாருவில் வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தது. எண்ணெயை மிதித்தால் வண்டி முன்னே பாயாமல் ஒரு தடவை உலுக்கியது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவை. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. அந்த விளக்கு சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறும் அந்த உலுக்கல் எனக்குச் சின்ன வயதிலேயே அறிமுகம். கீழே சுங்கை தெப்ராவ் இருட்டாகக் கிடந்தது. ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பட்டறையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகினான். திரையில் பி0302 என்று வந்தது. இரண்டாம் சிலிண்டரில் நெருப்பு விழவில்லை என்பதற்கான எண் அது. அவன் அதை அப்படியே நம்பிவிடவில்லை. இரண்டாவது பிளக்கின் மேல் உட்கார்ந்திருந்த காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டான், மூன்றாவதை இரண்டில் போட்டான். இஞ்சினை ஓட்டினால் எண் பி0303 ஆகிவிட்டது. கோளாறு காயிலோடு சேர்ந்து நடந்து போயிருந்தது. நல்ல வேலைக்காரன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அங்கிள், இது ஒண்ணு மட்டும் மாத்தவா, நாலையும் மாத்திரவா? ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையா போகும்."

நான் பதில் சொல்லவில்லை. கேட்டவன் அவன்தான் என்றாலும், எனக்குக் கேட்டது வேறு இரண்டு பேரின் குரல். முப்பது வருடத்துக்கு முன்னால், இதே பெர்மாஸ் ஜெயாவில், ஒரு மாமரத்தடியில் வாரம் தவறாமல் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த இருவர். ஒருவர் என் அப்பா.

அப்பா உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் வெட்டுக்கத்தி பிடித்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு நிரையில் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும், மங்கில் பால் குறையும். வீட்டில் தினமும் சாயங்காலம் அவர் செய்த முதல் வேலை கத்தி தீட்டுவது. குளிப்பதற்கு முன், சாப்பிடுவதற்கு முன். மழுங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தீட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் பட்டைக்கு அடியில் வளர்கிற மெல்லிய சதையில் இறங்கும். அங்கே காயம் பட்ட மரம் புதுப் பட்டையை முண்டும் முடிச்சுமாகத்தான் தரும். அடுத்த சுற்றில் அந்த இடத்தில் கத்தி ஓடாது. "மழுங்கினது தெரியுறப்போ மரத்துக்குக் காயம் பட்டுப் போயிருக்கும்டா" என்பார்.

பிறகு தோட்டத்தை விட்டு வந்து, பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லாரி ஓட்டினார். 1977இல் அங்கே துறைமுகம் திறந்த பிறகு இந்தப் பக்கமே லாரியும் புழுதியுமாக மாறியிருந்தது. 1984இல் பழைய டட்சன் 120ஒய் ஒன்று வாங்கினார். பால் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவான நிறம். 1991இல் நாங்கள் பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிவந்தபோது எனக்குப் பதினொரு வயது, அந்தக் காருக்கு என்னைவிட வயது அதிகம். தெருக்களுக்கு எல்லாம் எண்தான் பெயர். ஜாலான் பெர்மாஸ் என்று ஆரம்பித்து ஓர் எண், ஒரு கோடு, இன்னோர் எண். தோட்டத்தில் லயத்துக்கு எண், இங்கே தெருவுக்கு எண் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டில் டட்சனுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அப்பா பானெட்டைத் திறப்பார். பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், நாலு பிளக், எல்லாம் புதுசு. கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அது அவருக்குக் கணக்கே இல்லை. பூஜையன்று பழைய சாமான்கள் ஒரு செய்தித்தாளின் மேல் வரிசையாக இருக்கும், புதுசு போட்ட காருக்குச் சந்தனமும் குங்குமமும், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இது பக்தி சம்பந்தப்பட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு புரிந்தது, நவராத்திரி முடிந்து சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். பாயிண்ட் வைத்த கார் ஈரத்துக்குத்தான் பயந்து சாகும். அதிலும் கடல் ஒட்டிய இந்த ஊர். செனிபோங் கரையில் நின்றால் எதிரே சிங்கப்பூர் விளக்குகள் தெரியும், அங்கிருந்து வரும் உப்புக்காற்று இரவெல்லாம் கார்களின் மேல் படியும். மழைக்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் துடைத்து மாற்றிவிடு என்று முன்னோர் யாரும் டட்சனுக்காக நாள் குறிக்கவில்லை. ஆனாலும் நாள் சரியாகத்தான் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வேலை உண்டு. காரை டாப் கியரில் போட்டுவிட்டு அப்பா முன்னால் குனிந்து நிற்பார். நான் பின்னாலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டால் உள்ளே ஒரு தண்டு, அதன் மேல் நான்கு மூலை. நான் தள்ளத் தள்ள அந்த மூலை திரும்பி, பாயிண்டின் குதிகாலை மெல்ல நெம்பித் திறக்கும். "நில்லு!" என்பார். மூலையின் உச்சியில் குதிகால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். விசிறி மாதிரி விரியும் இரும்புத் தகடுகளில் அரை மில்லிமீட்டர் தகட்டை எடுத்து இரண்டு முனைக்கும் நடுவே விடுவார். விழக்கூடாது, இறுகவும் கூடாது. நனைந்த தாளைப் புத்தகத்திலிருந்து இழுக்கிற மாதிரி ஒரு பிடி இருக்க வேண்டும். அந்தப் பிடியை என் விரலுக்குக் கற்றுக்கொடுக்க அவருக்கு இரண்டு ஆயுத பூஜை ஆனது. இன்றைக்கும் என் கட்டைவிரலுக்கு அது தெரியும். அதை வைத்துச் செய்ய வேலைதான் எதுவும் இல்லை.

பாயிண்ட் திறந்து மூடிப் பொறி உண்டாக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர், 1910ஆம் ஆண்டு வாக்கில், காடிலாக் கார்களுக்காக. முக்கால் நூற்றாண்டு உலகம் அதில் ஓடியது. பாட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் சுற்றிக் காந்தமாக நிற்கும். பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தக் காந்தம் சரியும், சரிகிற வேகத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட எழும்பிப் பிளக்கின் நுனியில் பொறியாக விழும். இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் பாயிண்ட் நொடிக்கு நூறு தடவை திறந்து மூட வேண்டும். ஒரு தீக்குச்சி நுனி அளவு உலோகம் அது. தேய்ந்துதான் ஆகும்.

ஆனால் தேய்கிறது என்பதை அது சொல்லிக்கொண்டே தேயும். குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி கொஞ்சம் தாமதமாக விழும், பிளெந்தோங் மேட்டில் முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இப்போது இரண்டாம் கியர் கேட்கும். காலையில் ஒரு தடவை அதிகமாகச் சுற்றித்தான் கிளம்பும். இதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கும். பிளக்குகளும் அப்படித்தான். நாலையும் கழற்றிக் காகிதத்தில் சிலிண்டர் வரிசைப்படி அப்பா நிறுத்துவார். நுனி பிஸ்கட் நிறமாக இருந்தால் சுகம். கரி படிந்திருந்தால் எண்ணெய் அதிகம் குடிக்கிறது. ஈரமாகப் பளபளத்தால் ரிங் தேய்ந்து உள் எண்ணெய் மேலே வருகிறது. அவருக்கு அது நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் வைத்தியம்.

வயர்களைத் திருப்பி மாட்டுவது என் வேலை. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. நெருப்பு விழும் வரிசை. வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் மனப்பாடம் செய்த எண்கள் அவை.

கழற்றிய சாமான்களை அப்பா தூக்கிப் போட்டதே இல்லை. பாயிண்டின் முனைகளை மென்தாளால் தேய்த்து, எண்ணெய் தொட்டு, காகிதத்தில் சுற்றி, பத்து பஹாட்டில் செய்கிற ஹப் செங் ரொட்டி வந்த சதுர டின்னில் போட்டு, காரின் பின்பெட்டியில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் வைப்பார். "நல்லா இருக்குறதை எதுக்குப்பா மாத்துறீங்க, மாத்திட்டு எதுக்கு வச்சுக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். அவர் தோட்டத்து மரங்களைப் பற்றிச் சொன்னார். இருபத்தைந்து, முப்பது வருடம் ஆனால் துரைமார் மறுநடவு என்று முடிவு செய்வார்கள். நன்றாகப் பால் தருகிற மரமும் அந்த வரிசையில் நிற்கும். அவர் பதினைந்து வருடம் வெட்டிய நிரையை ஒரே வாரத்தில் சாய்த்தார்கள். விழுந்த மரத்தின் வெட்டுவாயிலிருந்து இரண்டு நாள் பால் ஒழுகியதாம், மங்கு இல்லாமல், மண்ணில். "மாத்தணும்னா மாத்திக்கோ. அதுக்காக ஓடுனதை வீசாதே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாமரத்தடியின் இன்னொரு குரல் பட்டறை மாமாவுடையது. கடைவீட்டின் கோடியில் சின்னப் பட்டறை. அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், "அண்ணே" என்றுதான் அழைப்பார். கையில் ஸ்பேனரோடு பிறந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு ஒரே வேதம்தான்.

"ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாதுண்ணே. திறந்தாத்தான் கெடும்."

அப்பா விடமாட்டார். "கெடட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா எங்க கெடும் தெரியுமா தம்பி? பொம்பளைப் புள்ளைங்களோட ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடுச் சடக்குல கெடும்."

"அதுக்கு நான் இல்லையா? கூப்பிடுங்க, வர்றேன்."

அவர் சும்மா சொல்லவில்லை, வருவார். ஒரு முறை டாக்ஸிக்காரர் ஒருவரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்ததை மாமா பார்த்தார். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குறுக்கே ஒழுகிய தடம் அது. வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து மழையில் மாசாய் போகும் வழியில் அந்த டாக்ஸி நின்றது, பின்னால் பயணி. மாமா தன் வேனை எடுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார், ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. மறுநாள் அப்பாவிடம் தானே வந்து சொன்னார், "கோட்டைப் பார்த்தேண்ணே. பார்த்துட்டு மூடுனது என் தப்பு." அப்பா அதற்கு ஒன்றும் சொல்லாமல் அவருக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

சிங்கப்பூர்க் கார்களும் மாமாவின் பட்டறைக்கு வரும். பாலத்தைத் தாண்டி இங்கே வந்து வேலை பார்த்தால் அவர்களுக்குச் செலவு குறைவு. அந்தக் கார்களைப் பார்த்து அப்பா திகைத்துப்போவார். 1990 மே மாதத்திலிருந்து அந்த நாட்டில் கார் வைத்துக்கொள்ளவே பத்து வருடத்துக்கு ஒரு சான்று ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருடம் முடிந்ததும் பெரும் பணம் கட்டி நீட்டிக்காவிட்டால் கார் சாலையை விட்டுப் போக வேண்டியதுதான். குறுகலான ஒரு நீரிணை. அந்தக் கரையில் இஞ்சின் மணி மாதிரி ஓடும்போதே கார் முடிந்துபோகிறது. இந்தக் கரையில் நாங்கள் கண்டென்சரை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சாயங்காலம் அப்படிக் கடைசி மாதத்தில் இருந்த ஒரு காரின் பானெட்டின் மேல் அப்பா கையை வைத்து நின்றது நினைவிருக்கிறது. மறுநடவு மரங்களை நினைத்திருப்பார்.

1992 தைப்பூசத்துக்குப் பத்துமலை போகக் கிளம்பினோம். அம்மா பால்குடம் நேர்ந்திருந்தார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுக்கத் திறந்தது 1994இல்தான். எங்களுக்குப் பழைய சடக்கு, கூலாய், சிம்பாங் ரெங்கம், ஆயர் ஈத்தாம், யோங் பெங் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். இருநூறு மைலுக்கு மேல் ஓட்டம் என்பதால் அப்பா ஆயுத பூஜைக் கணக்கைத் தாண்டி, முதல் நாள் சாயங்காலமே மறுபடி புது செட் போட்டார். கடையில் பாயிண்டும் கண்டென்சரும் ஒரே பெட்டியில்தான் வரும். பழசு மூன்று மாதம்தான் ஓடியிருந்தது.

சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் வண்டி இருமியது. பிறகு சைலன்சரில் ஒரு வெடி. அக்கா அலறிவிட்டாள். இரண்டு பக்கமும் செம்பனை, ஒரு விளக்கு இல்லை. எண்ணெயை மிதித்தால் படபடவென்று வெடித்துவிட்டு அடங்கும். அப்பா ஓரம் கட்டினார். அம்மா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, முருகா என்று ஒரு தடவை சொன்னார், பிறகு வாய் திறக்கவில்லை.

டார்ச் என் கையில். அப்பா மூடியைக் கழற்றினார். துடைத்தார். ரோட்டரைப் பார்த்தார், கோடு எதுவும் இல்லை. ஸ்குரூ டிரைவரால் பாயிண்டை மெல்ல நெம்பித் திறந்து மூடினார். "டார்ச்ச அணை" என்றார். அணைத்தேன். கும்மிருட்டு. மறுபடி நெம்பினார். பாயிண்டின் இரண்டு முனைக்கும் நடுவே நீலத் தீ தடிமனாக எரிந்தது, சாம்பிராணிக்கு ஊதினால் வரும் சுடர் மாதிரி. ஆரோக்கியமான பாயிண்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மினுக்கல்தான் இருக்கும். அந்த மிச்ச மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. உறிஞ்ச ஆள் இல்லாவிட்டால் அது பாயிண்டிலேயே எரிந்து போகும், பிளக்குக்கு வலு போகாது.

"கண்டென்சர் செத்துப்போச்சு" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, நம்ப முடியாத ஒரு மெதுவான தொனி. நேற்றுப் போட்டது.

பின்பெட்டியிலிருந்து டின் வந்தது. காகிதத்தைப் பிரித்துப் பழைய கண்டென்சரை எடுத்தார், சுண்டுவிரல் நுனி அளவு உலோக உருளை, ஒரு வயர், ஒரு காது. ஒரே திருகாணி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பியதும் டட்சன் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. விடிகாலையில் பத்துமலை சேர்ந்தோம். அம்மா 272 படியும் குடத்தோடு ஏறினார். அப்பா அடிவாரத்தில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செத்த கண்டென்சரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்பியதும் அதை மாமாவிடம் காட்டினார். மாமா அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாதத்தில் ஜெயித்த மாதிரி அவர் பேசவில்லை.

"புதுசு எப்படின்னு யாருக்குண்ணே தெரியும்? பழசு ஓடிக் காட்டியிருக்கு."

அந்த வருட ஆயுத பூஜைக்கு அப்பா பாயிண்டும் ரோட்டரும் பிளக்கும் மட்டும் மாற்றினார். கண்டென்சரைத் தொடவில்லை. அதற்கப்புறம் டின்னுக்குள் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தேதி, மைல் கணக்கு, கீழே இரண்டு வார்த்தை எழுதி வைக்க ஆரம்பித்தார். பழசு. ஓடும்.

அக்கா மகன் சிங்கப்பூரில் விமானம் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். இந்தக் கதையை அவனிடம் சொன்னபோது எழுந்து உட்கார்ந்துவிட்டான். "மாமா, தாத்தா செஞ்சதுதான் எங்க பாடமே" என்றான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப் படையின் லிபரேட்டர் விமானங்களை ஆராய்ந்த குழுவில் வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர் இருந்தார். 50 மணி நேரப் பறப்புக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து மாட்டுவார்கள். பார்த்த கையோடு பழுதுகள் குறைய வேண்டும். அதற்குப் பதிலாக ஏறின, பிறகு மெல்ல இறங்கின. நன்றாக இருந்ததைத் திறந்ததே சில பழுதுகளுக்குக் காரணம். 1978இல் நௌலன், ஹீப் என்ற இரண்டு யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில், விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்குத்தான் இத்தனை மணி ஓடினால் மாற்று என்ற வரம்பு உதவக்கூடியது என்று காட்டினார்கள். மீதி 89 சதவீதத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. 68 சதவீதம் புதிதாக மாட்டிய ஆரம்பத்தில்தான் அதிகம் கெட்டன, அதைத் தாண்டிவிட்டால் நீண்ட காலம் சலனமில்லாமல் ஓடின.

இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மாமரத்தடியில் இரண்டு பேரும் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரே டிஸ்ட்ரிபியூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சாமான்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பாயிண்ட் கத்தி மாதிரி, தேயும், தேய்வதைக் கண்ணால் பார்க்கலாம், நாள் குறித்து மாற்றலாம். கண்டென்சர் அப்படியில்லை. அதன் சாவுக்குத் தேதி கிடையாது, புதுசு என்பதால் அதற்கு ஆயுளும் கூடுவதில்லை. அதற்கு ஒரே வழி, ஓடிக் காட்டிய இன்னொன்றைக் கூடவே வைத்துக்கொள்வது. எந்த அறிக்கையும் படிக்காமல், சிம்பாங் ரெங்கம் இருட்டில் ஒரே இரவில், பால்மரம் வெட்டிய ஒரு மனிதர் இதைப் பிரித்துப் புரிந்துகொண்டார். பட்டறை மாமாவிடம் இதைச் சொல்ல ஓடலாம் என்று எழுந்தேன். அந்தக் கடைவீட்டில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். மாமா போய்ப் பல வருடம் ஆகிறது.

டட்சனை 1997இல் கூலாய்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அப்பா பழைய புரோட்டோன் இஸ்வாரா ஒன்று வாங்கினார். அதில் பாயிண்ட் இல்லை. மூடியும் ரோட்டரும் வயரும் இருந்ததால் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் பாதி மிஞ்சியது. 2006 டிசம்பரில் ஜொகூரை வெள்ளம் அடித்தது, கோத்தா திங்கி மூழ்கியது. அந்த மழையில் எங்கள் தெருவில் பழைய கார்கள் காலையில் கிளம்ப மறுத்தன. அறுபத்தாறு வயது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்ந்த துண்டும் டார்ச்சுமாக வீடு வீடாகப் போய் மூடிகளைக் கழற்றி உள்பக்கம் துடைத்துக் கொடுத்தார். ஒரு மலாய்க்காரப் பாட்டி அவருக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பினார். புதுக் கார் வைத்திருந்த வீடுகளில் அவருக்கு வேலை இல்லை. மூடியில்லை, வயரில்லை, ஒவ்வொரு பிளக்குக்கும் தலையிலேயே ஒரு காயில்.

கடைசி வருடங்களில் லாரி இஞ்சின் தின்ற காது மந்தமாகிவிட்டது. கார் ஓடும்போது முன் மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஒண்ணு மூணு நாலு ரெண்டு என்று உதடு அசைய நின்று கணக்குப் பார்ப்பார். எந்த எண் வரும்போது கைக்கு அடியில் வெற்றிடம் தட்டுகிறதோ அந்தச் சிலிண்டர். தப்பியதே இல்லை. நான் இப்போதைய காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கும் வந்து கை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடுத்து விடேன்" என்றார். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, மறுபடி எடுத்தேன்.

அவர் போய் ஒன்பது வருடம். டின் ஸ்டோர் ரூமில் இருந்தது. பட்டறைப் பையனிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, இரவு அதைத் திறந்தேன். துரு வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும். நாலைந்து பொட்டலங்கள், அவருடைய சாய்ந்த கையெழுத்து.

மறுநாள் பையனிடம் சொன்னேன், பிளக் நாலும் புதுசு போடு, அது தேயும். செத்த காயிலுக்குப் பதில் புதுசு ஒன்று போடு. இன்னொரு புதுக் காயிலும் எடு. அதை நாலாவதில் மாட்டிவிட்டு, அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பழசைக் கழற்றி என் கையில் கொடு.

"புதுசை டப்பாவோடயே ஸ்பேரா வச்சுக்கலாமே அங்கிள். நல்லா இருக்குறதை எதுக்குக் கழட்டணும்?"

"புதுசு எப்படின்னு நமக்குத் தெரியாதுல்ல, தம்பி. ஓடிக் காட்டட்டும்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தலையாட்டிவிட்டுக் கழற்றினான். அன்றிரவு அந்தக் காயிலைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, மேலே தேதியும் கிலோமீட்டரும் எழுதினேன். கீழே இரண்டு வார்த்தை எழுதி, டின்னில் அப்பாவின் பொட்டலங்களுக்கு மேலே வைத்து, காரின் பின்பெட்டியில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.